அந்த வீட்டை எதுக்குக் கொளுத்துனாங்க?

போன வாரம் எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு வீடியோ வந்துச்சு. கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் வெட்டவெளி. நடுவுல தனியா ஒரு மாடி வீடு. அதுல ஒரு பக்கம் சுவரே கிடையாது. உள்ள கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கு, ஆளுதான் இல்ல. பின்னணில திகில் பட மியூசிக்கு. கீழ கொட்டை எழுத்துல, கனடாவில் மர்ம பொம்மை வீடு, குடும்பமே மாயம், கடைசியில் தானாகவே தீப்பற்றி எரிந்ததுன்னு போட்டிருந்தாங்க.

அனுப்புனது எங்க பெரியப்பா பையன். "நீ இருக்குற பக்கம்தானேம்மா, ராத்திரில அந்தப் பக்கமெல்லாம் காரை நிறுத்தாதே"ன்னு ஒரு குறிப்பு வேற.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோபம்.

அண்ணன் மேல இல்ல. அவர் பாசத்துல சொன்னாரு. அந்த வீடியோ பண்ணவங்க மேலதான். ஒரு பொண்ணு ரெண்டு வருஷம் பாடுபட்டு உருவாக்குன விஷயத்தை, பேரையே எடுத்துட்டு, பேய்க்கதை ஆக்கி விட்டுட்டாங்க. அந்தப் பொண்ணு பேரு ஹெதர் பென்னிங். கனடாவோட சஸ்காச்சுவான் மாகாணத்துல, பண்ணைல வளர்ந்த சிற்பக் கலைஞர். அந்த வீடு அவங்களோட கலைப்படைப்பு. அதுக்குப் பேரே "தி டால்ஹவுஸ்".

குரூப்புல இதைச் சொன்னேன். உடனே அண்ணன் கேட்டாரு: "சரிம்மா, பேய் இல்ல. அப்போ எதுக்குக் கொளுத்துனாங்க?"

நல்ல கேள்வி. ஒரு வரில பதில் போட்டா அடங்காது. அதான் இங்க வந்து உக்காந்திருக்கேன்.

முதல்ல வீட்டுக் கதை.

2005ல பென்னிங், சஸ்காச்சுவான்ல ரெட்வர்ஸ்ங்கிற சின்ன ஊர்ல தங்கிக் கலைப்பணி பண்ணிட்டிருந்தாங்க. அங்கேருந்து எல்லையைத் தாண்டுனா மானிடோபா மாகாணம். அந்தப் பக்கம் சின்க்ளேர்னு ஒரு ஊரு, அதுக்குப் பக்கத்துல 2ஆம் நம்பர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பழைய பண்ணை வீடு. 1960கள் கடைசியிலயே ஆளுங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. கிட்டத்தட்ட நாற்பது வருஷம் அப்படியே கிடந்திருக்கு. சொந்தக்காரங்ககிட்ட பேசி, அந்த வீட்டுல வேலையை ஆரம்பிச்சாங்க.

கூரைக்கு மறுபடி ஓடு போட்டாங்க. (அந்த ஊரு ஓடு நம்ம மண் ஓடு இல்ல, மெல்லிசா அடுக்கடுக்கா ஆணி அடிக்கிறது.) உள்ள சுவரைப் பூசி, வர்ணம் அடிச்சு, அந்த வீட்டை விட்டு ஆளுங்க போன காலத்துல என்ன மாதிரிச் சாமான் இருந்திருக்குமோ அந்த மாதிரி சாமானாத் தேடி எடுத்து வெச்சாங்க. அதாவது வீட்டுக்குள்ள காலம் 1960கள்லயே நிக்குது. அப்புறம்தான் பெரிய வேலை. வடக்குப் பக்கச் சுவரை மொத்தமா எடுத்துட்டு, அந்த இடத்துல கீழேருந்து மேல வரைக்கும் பிளெக்ஸிகிளாஸ், அதாவது கண்ணாடி மாதிரித் தெரியுற பிளாஸ்டிக் தகடு, பொருத்திட்டாங்க.

பிளந்து வெச்ச பலாப்பழத்துல சுளை சுளையாத் தெரியுற மாதிரி, அந்த வீடு ரூம் ரூமாத் தெரியும். மேல படுக்கையறை, கீழ புழங்குற இடம், எல்லாம் ஒரே பார்வைல.

2007 ஜூன்ல மக்கள் பார்க்கத் திறந்தாங்க. ஆனா உள்ள போக முடியாது. வெளிய நின்னு கண்ணாடி வழியாத்தான் பாக்கணும். இந்த ஒரு முடிவுதான் எனக்கு இந்தப் படைப்புல ரொம்பப் பிடிச்சது. சின்னப் புள்ளைங்க பொம்மை வீட்டுல கையை விட்டுச் சாமானை நகர்த்தும், பொம்மையைத் தூக்கிப் படுக்க வைக்கும். இங்க எதையும் தொட முடியாது. சாப்பாட்டு மேசை இருக்கு, உக்கார முடியாது. கட்டில் இருக்கு, படுக்க ஆளில்ல. நீங்க எவ்வளவு கிட்டப் போனாலும், நடுவுல அந்தத் தகடு. அதுல உங்க மூஞ்சியும் பின்னாடி இருக்குற வயலும் தெரியும்.

(நான் இதை நேர்ல பாக்கல. நான் சஸ்காச்சுவான்ல இருக்குற ரெஜைனாவுக்குக் குடிவர்றதுக்கு முன்னாடியே வீடு போயிடுச்சு. புகைப்படங்களும், சாட் காலோவேங்கிறவரோட சேர்ந்து பென்னிங் பண்ணுன குறும்படமும்தான் எனக்குக் கிடைச்சது. அதை எத்தனை தடவை பார்த்தேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டதான் கேக்கணும்.)

இப்போ ஒரு விஷயம் சொல்லியாகணும். இல்லன்னா இந்த வீட்டோட கனம் புரியாது. சஸ்காச்சுவான், மானிடோபான்னு இந்தப் புல்வெளி மாகாணங்கள் பூரா ஏன் இத்தனை காலி வீடு?

1872ல கனடா அரசாங்கம் ஒரு நிலச் சட்டம் கொண்டு வந்துச்சு. 10 டாலர் பதிவுக் கட்டணம் கட்டுனா 160 ஏக்கர். ஆனா சும்மா இல்ல. அங்கேயே குடியிருக்கணும், வீடு கட்டணும், தரிசைத் திருத்திப் பயிர் வைக்கணும். அப்புறம்தான் பட்டா. உக்ரைன், ஜெர்மனி, ஐஸ்லாந்து, ஸ்காட்லாந்துன்னு எங்கெங்கேருந்தோ குடும்பம் குடும்பமா வந்து இறங்குனாங்க. (அவங்க வர்றதுக்கு முன்னாடி இந்த நிலம் சும்மா கிடக்கல. பூர்வகுடி மக்களோட 1871லேருந்து வரிசையா ஒப்பந்தம் போட்டு, அவங்களை ஒதுக்கிட்டுத்தான் இந்த 160 ஏக்கர் கணக்கே வந்துச்சு. காலி வீட்டைப் பத்திப் பேசும்போது இதை விட்டுட்டுப் பேச எனக்கு மனசு வரல.)

அப்போ குதிரை வெச்சு உழுத காலம். 160 ஏக்கரே ஒரு குடும்பத்துக்கு மூச்சு முட்டுற வேலை. குதிரை வண்டில கோதுமையை ஏத்திக்கிட்டு ஒரு நாள்ல போயிட்டு வர்ற தூரத்துக்கு ஒண்ணா, ரயில் பாதை ஓரமா உயரமான மரக் களஞ்சியம் கட்டுனாங்க. களஞ்சியம் இருந்த இடத்துல ஊரு. ஊருல ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம், ஒரு மளிகைக் கடை.

அப்புறம் டிராக்டர் வந்துச்சு, அறுவடைக்குக் கம்பைன் வந்துச்சு, லாரி வந்துச்சு. ஒரே ஆளு பத்துக் குடும்பத்து நிலத்தை உழ முடிஞ்சது. பக்கத்து நிலத்தை வாங்குனவன் தாக்குப் பிடிச்சான், வித்தவன் டவுனுக்குப் போனான். 1936ல சஸ்காச்சுவான்ல 1,42,000க்கு மேல பண்ணை இருந்துச்சு. 2021 கணக்கெடுப்புல சுமார் 34,000. ஒரு பண்ணையோட சராசரி அளவு இப்போ 1,700 ஏக்கருக்கும் மேல. நிலம் எதுவும் தரிசாப் போகல பாருங்க. அத்தனையும் பச்சையா, மஞ்சளா விளைஞ்சு கிடக்கு. வீடுதான் வேண்டாததாப் போச்சு.

இது எனக்கு இங்க வந்த புதுசுல புரியவே இல்ல. ஒரு ஊரு காலியா இருக்குன்னா பஞ்சமோ, போரோ, தண்ணி இல்லையோன்னுதான் நம்ம புத்தி போகும். இங்க நல்லா விளையுற வயலுக்கு நட்ட நடுவுல வீடு இடிஞ்சு நிக்குது. விதைக்கிற மிஷின் அந்த வீட்டைச் சுத்தி வளைஞ்சு போகும். மேலேருந்து பார்த்தா அந்த வளைவு மட்டும் தனியாத் தெரியும்.

அப்படி ஒரு வீட்டுக்குள்ள போய்ப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. திறந்து கிடக்குதேன்னு நுழையக் கூடாது, அது யாரோ ஒருத்தர் சொத்து. எங்க வீட்டுக்காரரோட வேலை பாக்குறவர் மூலமா ஒரு பெரியவரைப் பிடிச்சோம். ரெஜைனாவுக்குத் தெற்க, அவரோட தாத்தா கட்டுன வீடு, அவர் நிலத்துக்கு நடுவுலயே நிக்குது. "மாடிப்படில மட்டும் ஏறாதீங்க, மத்தபடி பாத்துக்கோங்க"ன்னுட்டு அவரும் கூடவே வந்தாரு.

உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா?

ஒரு சுவர்ல ஒட்டுன காகிதம் உரிஞ்சு தொங்குது. அதுக்குக் கீழ இன்னொரு காகிதம், அதுக்கும் கீழ இன்னொண்ணு. மேல இருந்தது பழுப்புக் கட்டம், நடுவுல சின்னச் சின்ன நீலப்பூ, அடில பச்சைக் கோடு. ஒவ்வொரு தலைமுறைப் பொம்பளையும் பழசைக் கிழிக்காம மேலேயே ஒட்டியிருக்காங்க. குளிருக்கு ஒரு அடுக்கு கூடுதலா இருந்தா நல்லதுதானே. பூச்சு பேந்த இடத்துல மரப்பட்டி தெரியுது, அதுக்குப் பின்னாடி குளிர் வராம இருக்க அடைச்ச மரத்தூள் கொட்டிக் கிடக்கு. அடுக்களைக் கதவு நிலைல பென்சில் கோடு, ஒண்ணுக்கு மேல ஒண்ணா. பக்கத்துல தேதி. புள்ளைங்க வளர வளர நிக்க வெச்சுக் கிழிச்ச கோடு.

பெரியவர் அந்தக் கோட்டைத் தொட்டு, "இது நான்"னாரு. அப்புறம் தெற்கு ஜன்னலைக் காட்டி, அம்மாவோட தையல் மிஷின் அங்கதான் இருக்கும், அந்த வெளிச்சத்துல உக்காந்துதான் எல்லாருக்கும் தைப்பாங்கன்னு சொன்னாரு. அவர் பேசுன பேச்செல்லாம் சாமானைப் பத்திதான். எது எங்க இருந்துச்சு, எதை யாரு எடுத்துட்டுப் போனாங்க, எதை விட்டுட்டுப் போனாங்க.

அன்னிக்குத்தான் பென்னிங் பண்ணுனது எனக்கு முழுசா விளங்குச்சு. இடிஞ்ச வீட்டை இடிஞ்சபடியே காட்டுனா எல்லாரும் புழுதியையும் புறா எச்சத்தையும் பார்த்துட்டு, அழகா இருக்கேன்னு படம் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. அவங்க அந்தப் பெரியவர் பேசுன மாதிரி பண்ணியிருக்காங்க. எது எங்க இருந்திருக்குமோ அங்க வெச்சிருக்காங்க. கட்டில் கட்டிலுக்கான இடத்துல. மேசை மேசைக்கான இடத்துல. எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வந்து வெச்சும், திரும்பி வராதது எதுன்னு பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சுடுது.

சரி, எதுக்குக் கொளுத்துனாங்க?

பென்னிங் இதை நிரந்தரமா இருக்கணும்னு பண்ணவே இல்ல. வீடு தாங்குற வரைக்கும் நிக்கட்டும், தளர்ச்சி தெரிய ஆரம்பிச்சா முடிச்சுடணும்ங்கிறதுதான் திட்டம். 2012 இலையுதிர் காலத்துல அஸ்திவாரம் ஆட்டம் கண்டுடுச்சு. இங்க குளிர்ல மண்ணு உறைஞ்சு மேல தூக்கும், வசந்தத்துல உருகி இறங்கும். வருஷா வருஷம் இப்படி ஏறி இறங்குனா எந்தப் பழைய அஸ்திவாரமும் விலகத்தான் செய்யும். பாக்க வர்றவங்க மேல விழுந்தா? ரகசியமா உள்ள நுழையுற பசங்க மேல விழுந்தா? 2013 மார்ச்சுல அவங்களே நின்னு, அந்த வீட்டை எரிச்சாங்க. அதைப் படமும் எடுத்தாங்க.

அந்தக் காட்சியைப் பாக்கும்போது அடிவயிறு கலங்கும். முதல்ல உள்ள வெளிச்சம் ஏறுது, அந்த ரூமுங்கள்ல யாரோ விளக்கு ஏத்துன மாதிரி. ஒரு நொடி, ஆளு வந்துட்டாங்களோன்னு தோணும். அப்புறம்தான் அது தீயின்னு புரியும்.

அண்ணன் இதுக்கும் ஒரு பாயிண்ட் வெச்சிருந்தாரு. "அவ்வளவு பேர் பாக்க வந்தாங்கன்னா, அஸ்திவாரத்தைப் பலப்படுத்தி மியூசியம் ஆக்கியிருக்கலாமே?"

பண்ணியிருக்கலாம். ஆனா நான் ஒத்துக்க மாட்டேன்.

காரணம் சொல்றேன். அந்த வீட்டைப் பாத்துக்க ஆளு யாரு? அங்க ஆள் நடமாட்டமே கம்மி. டிக்கெட் கிழிக்க, பனி தள்ள, தகட்டைத் துடைக்க, கூரையைச் சரி பண்ண, தினம் ஒருத்தர் போகணும். யாரும் இல்லாம போனதுனாலதானே அது காலி வீடு! ஆளில்லாத இடத்துல ஒரு கலைப்படைப்பை நட்டு வெச்சுட்டு "காலத்துக்கும் இருக்கும்"னு சொல்லிட்டு வந்தா, அது மறுபடி பாழாகும். ரெண்டாவது தடவை கைவிடப்பட்ட வீடாகும். தான் எடுத்த வேலையைத் தானே முடிச்சு வெச்சுட்டுப் போனாங்க பாருங்க, அதுக்கு நான் பென்னிங்குக்கு ஒரு பெரிய கும்பிடு போடுவேன்.

இதே மாதிரி இன்னொரு படைப்பு, ஆனா குணமே வேற. கலிஃபோர்னியால ஜோஷுவா ட்ரீ பக்கத்துப் பாலைவனம். ஃபிலிப் கே. ஸ்மித்னு ஒரு கலைஞர். (பேருக்குப் பின்னாடி "மூன்றாம்"னு வேற போட்டுக்குவாரு, ராஜா மாதிரி.) 2013ல ஒரு எழுபது வருஷப் பழைய மரக் குடிசையை எடுத்து, அதோட பலகைகளுக்கு நடுவுல ஒண்ணு விட்டு ஒண்ணா கண்ணாடிப் பட்டை பொருத்துனாரு. "லூசிட் ஸ்டெட்"னு பேரு வெச்சாரு. பகல்ல அந்தக் கண்ணாடில பாலைவனமும் வானமும் தெரியும். அதனால குடிசை பட்டை பட்டையா அந்தரத்துல மிதக்குற மாதிரி இருக்கும். ராத்திரியானா ஜன்னலும் கதவும் மெதுவா நிறம் மாறும், பலகை இடுக்குல வெள்ளை வெளிச்சம் கசியும். ரெண்டே வார இறுதி திறந்து வெச்சதுக்கு நானூறு பேர் பாலைவனத்துக்குள்ள தேடிப் போய்ப் பார்த்தாங்க. அப்புறம் கழட்டிட்டாங்க.

அந்தக் குடிசைக்கும் ஒரு கதை இருக்கு. அமெரிக்காவுல 1938ல ஒரு சட்டம். பயிர் விளையாத பாலைவனத்தை 5 ஏக்கர் 5 ஏக்கராப் பிரிச்சு, சின்னதா ஒரு குடிசை கட்டுனா விலைக்கு வாங்கிக்கலாம்னு குடுத்தாங்க. நகரத்துலேருந்து வந்து ஆசை ஆசையாக் கட்டுனாங்க, தண்ணி இல்ல, வெயில் தாங்கல, விட்டுட்டுப் போயிட்டாங்க. இப்பவும் அந்தப் பக்கம் நூத்துக்கணக்குல அந்தக் குடிசைங்க மண்டிக் கிடக்கு.

ஸ்மித்தோட அந்தக் கண்ணாடி வித்தை எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும்னு ஒரு வெறி. நம்ம பெரியவர்கிட்டயே கேட்டேன். அவர் நிலத்துல பழைய மரத் தானியக் கொட்டகை ஒண்ணு, ரொம்பச் சின்னது, சும்மா நின்னுட்டு இருந்துச்சு. "பலகையைச் சேதம் பண்ணாம, முடிஞ்சதும் கழட்டிடுவேன்னா எடுத்துக்கோ"ன்னாரு.

நானும் என் பொண்ணும் அக்ரிலிக் கண்ணாடித் தகடு வாங்குனோம். நிஜக் கண்ணாடி கனம், உடைஞ்சா வயல்ல சில்லு விழும், மாட்டுக்கு ஆபத்து. பலகை அகலத்துக்குப் பட்டையா அறுத்து, முதல்ல ரெண்டு மூணை நேரா பலகை மேலயே வெச்சுக் கட்டிப் பார்த்தோம். பழைய பலகை ஒண்ணும் சமமா இருக்காது, வளைஞ்சு நெளிஞ்சு இருக்கும். தகடு மெல்லிசு, அதுவும் கூடவே வளைஞ்சிடுச்சு. அடிவானம் அலையடிக்குது, என் பொண்ணு மூஞ்சி பொருட்காட்சிக் கண்ணாடில தெரியுற மாதிரி இழுத்துக்கிட்டுத் தெரியுது. அவ சிரிச்ச சிரிப்புல பக்கத்து வயல்ல இருந்த பறவையெல்லாம் பறந்துடுச்சு.

அப்புறம் பின்னாடி பிளைவுட் குடுத்தோம். பட்டைக்குப் பட்டை பிளைவுட், அதுல தகடு, அதுக்கப்புறம் கொட்டகைல மாட்டுறது. இதுல இன்னொரு சமாச்சாரம்: வெயில்ல அக்ரிலிக் விரியும். திருகாணியை இறுக்கிட்டா நடுவுல உப்பிக்கும். ஓட்டையைக் கொஞ்சம் பெருசாப் போட்டு, வாஷர் வெச்சு, லேசா விட்டுத் திருகுனா தகடு அசைய இடம் கிடைக்குது. அடிவானம் நேர்கோடாச்சு.

அது நேராச்சுன்னதும் நடந்தது இருக்கே, சொல்லி மாளாது. நேரா நின்னா நான் தெரியுறேன். கொட்டகையோட ஓரத்தைத் தாண்டிப் பக்கவாட்டுல நகர்ந்தா நான் காணோம், வயல் மட்டும் தெரியுது. கண்ணாடில தெரியுற வயலும், கொட்டகைக்கு அந்தப் பக்கம் இருக்குற வயலும் ஒரே உயரத்துல சேர்ந்துக்குது. பட்டை இருக்குற இடமெல்லாம் ஓட்டை மாதிரி ஆயிடுது. பழைய பலகை மட்டும் காத்துல அடுக்கி வெச்ச மாதிரி நிக்குது. சாயங்காலம் உள்ள ஒரு டார்ச் லைட்டை வெச்சோம். பலகை இடுக்கு ஒவ்வொண்ணும் ஒரு வெளிச்சக் கோடு. பகல்ல பாத்தப்போ அத்தனை இடுக்கு இருக்குறதே தெரியல.

ராத்திரியே கழட்டிட்டோம். பறவைங்க வானம்னு நினைச்சு வந்து மோதிடும். இந்த மாதிரி வேலை பண்ணணும்னு நினைக்கிறவங்க இதை மறக்காதீங்க.

இதுக்கப்புறமும் என் ஓட்டு டால்ஹவுஸுக்குத்தான். லூசிட் ஸ்டெட் அழகுல அதைத் தூக்கிச் சாப்பிடும். ஆனா அந்தக் குடிசைல யாரு இருந்தாங்க, எப்படித் தண்ணிக்கு அல்லாடுனாங்கன்னு அது கேக்கல. வெளிச்சத்தைப் பிடிக்க அதுக்கு ஒரு பழைய மரம் வேணும், அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர் இதை ஒத்துக்கல. "அந்தக் கண்ணாடி நடுவுல வந்ததுனாலதான் நீ பழைய பலகையோட ஆணித் துருவையே கவனிச்ச. அது வரைக்கும் அந்தக் கொட்டகையைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்ல"ன்னாரு. அதுல நியாயம் இருக்கு. அந்தப் பலகைல வெயில் பட்ட பக்கம் வெள்ளி நிறம், படாத பக்கம் இன்னும் சிவப்புச் சாயம் ஒட்டியிருக்குறதை அன்னிக்குத்தான் பார்த்தேன். இருந்தாலும் என் ஓட்டை மாத்திக்கிற அளவுக்கு இல்ல.

இப்போ இதுக்கு நேர்மாறா ஒண்ணு. அண்ணன் கேட்ட "வெச்சுக் காப்பாத்தியிருக்கலாமே"ங்கிறதுக்கு நிஜ உதாரணம்.

ஜப்பான்ல நீகாதா மாகாணம், எச்சிகோ-சுமாரின்னு ஒரு மலைப்பகுதி. தோகாமாச்சி நகரமும் சுனான் ஊரும் சேர்ந்து 760 சதுர கிலோமீட்டர். நெல் விளையுற படிக்கட்டு வயல். குளிர்காலத்துல ஆள் உயரத்துக்கு மேல பனி. இளசுங்க டோக்கியோவுக்குப் போயிட, கிழவன் கிழவிங்க மட்டும் மிச்சம். வீடு காலி, பள்ளிக்கூடம் காலி. அங்க ஃப்ராம் கிதகாவாங்கிறவர் 2000ல ஒரு கலைத் திருவிழாவை ஆரம்பிச்சாரு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை. ஆரம்பத்துல ஊர்க்காரங்களுக்கு இதுல நம்பிக்கையே இல்ல. கலைஞர்களும் தொண்டர்களும் வீடு வீடாப் போய்ப் பேசித்தான் வேலை நடந்துச்சு. 2004ல பெரிய பூகம்பம் வேற, சூயெட்சு பூகம்பம்னு சொல்வாங்க. நிறைய வீடு அதுல ஆட்டம் கண்டு காலியாச்சு. 2006 திருவிழால அந்தக் காலி வீடுங்களையே கலைஞர்கள் கைல குடுத்தாங்க.

ஊருக்குப் போற வழில ஜப்பான்ல இறங்கி, நாங்க இதைப் போய்ப் பார்த்தோம்.

"உரியும் வீடு"ன்னு சொல்லலாம், ஒண்ணு இருக்கு. ஜுனிச்சி குராகாகேன்னு ஒரு சிற்பியும் நிஹோன் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து பண்ணுனது. வெளிய பார்த்தா சாதாரணப் பழைய வீடு. உள்ள போனா தரை, தூண், உத்தரம், சுவர்னு ஒரு இடம் விடாம உளியால கொத்தியிருக்காங்க. புகை படிஞ்ச கருப்புத் தோல் செதில் செதிலாப் போயி, உள்ள இருக்குற வெளுத்த மரம் எட்டிப் பாக்குது. நடந்தா உள்ளங்காலுக்கு ஒவ்வொரு கொத்தும் தனித்தனியாத் தெரியும். என் பொண்ணு நடக்குறதை விட்டுட்டு, தரைல உக்காந்து விரலால தடவிக்கிட்டே இருந்தா. புதுசா ஒரு பொருளும் கொண்டு வரல பாருங்க. வீட்டை வெச்சே வீட்டை மாத்திட்டாங்க.

இன்னொண்ணு, மூடிப்போன ஒரு பள்ளிக்கூடம். கிறிஸ்டியன் போல்டான்ஸ்கியும் ஷான் கால்மனும் பண்ணுன "கடைசி வகுப்பறை". ஜிம்முக்குள்ள கும்மிருட்டு. தொங்குற குண்டு பல்பு, பெஞ்சு மேல மேசை விசிறி, காஞ்ச வைக்கோல் வாசம். மேல ஒரு ரூம்லேருந்து இதயத் துடிப்பு சத்தம் வருது, தரை அதிருது. போல்டான்ஸ்கி முதல்ல இந்த ஊரைக் குளிர்காலத்துல வந்து பார்த்தாராம். பனில மூடி அடைபட்டுக் கிடக்குறதைத்தான் உள்ள கொண்டு வந்திருக்காரு. என் பொண்ணு என் கையை விடவே இல்ல. (அவளுக்குப் பிடிக்கல. எனக்கு வெளிய வந்து வெயில்ல நின்னப்புறமும் காதுல அந்தத் துடிப்பு.)

நம்மாளுங்களுக்குப் பிடிக்குற ஒரு செய்தி: அதே தோகாமாச்சில, திருவிழாவுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி, 1982லயே ஹசெகாவாங்கிற ஒருத்தர் மூடிப்போன பள்ளிக்கூடத்துல மிதிலா ஓவியத்துக்குன்னு மியூசியம் வெச்சுட்டாரு! பீகார்லேருந்து கங்கா தேவி, மகாராஷ்டிராவுலேருந்து வார்லி ஓவியர் ஜிவ்யா சோமா மாஷே எல்லாம் அங்க போய்த் தங்கி வரைஞ்சிருக்காங்க. ஜப்பான் மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல நம்ம நாட்டுப் பொம்பளை உக்காந்து வரைஞ்ச மீனும் தாமரையும்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுது.

சரி, இதெல்லாம் எப்படி நிலைச்சுது? அங்க ஆளு இருக்கு. கொஞ்சம் பேர்தான், எல்லாம் வயசானவங்க, ஆனாலும் இருக்காங்க. பனி கூரைல ஏறுனா தள்ளி விடணும், இல்லன்னா வீடு அமுங்கிடும். அதுக்கு ஊர்க்காரங்களும், "கோஹெபி"ன்னு சொல்ற தொண்டர் படையும் வர்றாங்க. "உபுசுனா வீடு"ன்னு ஒண்ணு, 1924ல கட்டுன புல் வேய்ஞ்ச கூரை வீடு, பூகம்பத்துல அடிபட்டது. இப்போ அது பீங்கான் கலைக்கூடம், கூடவே சாப்பாட்டுக் கடை. அந்த ஊர் அம்மாக்கள்தான் சமைச்சுப் போடுறாங்க, அவங்க வயல்ல விளைஞ்சதை வெச்சு. நாங்க சாப்பிட்டப்போ ஒரு அம்மா என் பொண்ணுக்கு ரெண்டாவது தடவை சோறு வெச்சுட்டு, தட்டு காலியாகுற வரைக்கும் பக்கத்துலயே நின்னாங்க.

சின்க்ளேர் பக்கத்துல அப்படிச் சோறு வைக்க ஒருத்தர் இருந்திருந்தா அந்த வீட்டை எரிக்க வேண்டியிருந்திருக்காது. இதைத்தான் அண்ணனுக்கு போன்லயும் சொன்னேன். "அப்போ சரிதான் பண்ணியிருக்கா அந்தப் பொண்ணு"ன்னாரு. குரூப்புல அந்த வீடியோவையும் அழிச்சுட்டாரு. நல்ல மனுஷன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துட்டு, காலி வீடு தேடி ராத்திரில டார்ச் எடுத்துக்கிட்டுச் சுவர் ஏறிக் குதிக்கிறவங்க கூட்டம் இங்க பெருகிட்டு வருது. கதவை உடைக்கிறாங்க, ஞாபகார்த்தம்னு சாமானைத் தூக்கிட்டுப் போறாங்க. நம்ம பெரியவர் வீட்டுலேருந்து பழைய சுவர்க் கடிகாரத்தை யாரோ அப்படித்தான் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அது அவங்க அப்பா தினம் சாவி குடுத்த கடிகாரம். கேட்டுட்டுப் போங்க. கேட்டா அவங்களே கூட வந்து காட்டுவாங்க, கதையும் சொல்வாங்க.

எச்சிகோ-சுமாரிக்குப் போகணும்னு ஆசைப்படுறவங்களுக்கு: ஒன்பதாவது திருவிழா 2024ல முடிஞ்சது, மூணு வருஷக் கணக்குப்படி அடுத்தது 2027. டோக்கியோவுலேருந்து ஷின்கான்சென் புல்லட் ரயில்ல எச்சிகோ-யுசாவா, அங்க மாறி ஹோகுஹோகு லைன்ல தோகாமாச்சி. குளிர்காலத்துல நிறைய இடம் பூட்டியிருக்கும், அதனால கோடைல போங்க. இடத்துக்கு இடம் ரொம்பத் தூரம், வாடகைக் கார் எடுத்துடுறது உத்தமம். உரியும் வீட்டுக்குள்ள செருப்புக்கு அனுமதி இல்ல, மெல்லிசான சாக்ஸாப் போட்டுட்டுப் போங்க. கெட்டி சாக்ஸ் போட்டா அந்தத் தரை காலுக்குத் தெரியாது.